குதிப்பின் நடுவே திரும்ப முடியாது

1983 யூலை 15 அன்று நின்டென்டோ நிறுவனம் ஃபமிகொம் என்ற விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அந்த யூலையை நாங்கள் வேறொன்றுக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். அதனால் இந்தத் திகதி எங்களில் எவருக்கும் தெரிய நியாயமில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் கள்ளப் பிரதிகள் எங்கள் வீடுகளுக்குள் வந்தன. 2002 இல் சமாதானம் என்று சொல்லி ஏ-9 பாதை திறந்தபோது வன்னிக்குள் வந்திறங்கிய சாமான்களில் ‘ரீவி கேம்’ என்று நாங்கள் அழைத்த பிளாஸ்டிக் பெட்டியும் ஒன்று. மேலே மஞ்சள் கசெட் செருகுவதற்கு ஒரு வாய், வயரோடு இரண்டு கைப்பிடிகள். கசெட்டின் ஒட்டுத்தாளில் ஒரு கோடிக்கு ஒன்று குறையாத விளையாட்டுக்கள் இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே போனால் சில பத்துத்தான். மிச்சமெல்லாம் அதே விளையாட்டுக்கள், வேறு பெயரில், வேறு மட்டத்தில் தொடங்குகிறவை.

அப்படியான ஒரு பெட்டி கொக்கிளாயில் எங்கள் வீட்டில் இன்னும் கிடக்கிறது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். இங்கே உப்புக்காற்றுக்குத் தப்புகிற செம்பு கிடையாது. கசெட்டின் அடியில் அறுபது தொடுமுனைகள். அவற்றில் ஒன்றிரண்டு பச்சை பிடித்தாலே போதும், திரையில் உருவங்கள் துண்டு துண்டாகச் சிதறும். பிள்ளைகள் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். ஊதினால் ஈரம் ஏறும், பச்சை கூடும். பள்ளிக்கூட அழிறப்பரால் அறுபதையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டுத் துணியில் துடைத்தால் திரும்ப வேலை செய்யும். ரீவி, ரேடியோ திருத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் இவ்வளவுக்கும் நான் உத்தரவாதம்.

என் அக்காவின் மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் அந்தப் பெட்டியைத் தூசு தட்டினான். எண்பதுகளில் வீட்டுக் கணினிகளில் ஓடிய பழைய விளையாட்டு ஒன்றை இந்தப் பெட்டியில் ஓடுகிற மாதிரி மாற்றி எழுத வேண்டுமாம். மடிக்கணினியில் எழுதி, வெறும் கசெட் ஒன்றில் ஏற்றிச் செருகிப் பார்க்கலாம். உலகத்தில் பலபேர் பொழுதுபோக்காகச் செய்கிற வேலைதான். ஒரு கொப்பித்தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். எலீட், மனிக் மைனர், லோட் ரன்னர், நைட் லோர், த ஹொபிட், போல்டர் டாஷ், ப்ரின்ஸ் ஒஃப் பெர்சியா.

“மாமா, இதுகளுக்குள்ள எதை மாத்தலாம்?”

எல்லாமே பேர் பெற்றவை. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. இது அவனுடைய பட்டியல் அல்ல. 1984 இல் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து விளையாடி, இப்போது நரை விழுந்துவிட்ட மனிதர்களின் ஆசைப் பட்டியல். எலீட் வெளியானது 1984 செப்டெம்பரில். அதே வருடம் டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. திரும்பி வந்து குடியிருக்க யுத்தம் முடியும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிடுவது என்ற இந்தப் பேச்சை இடப்பெயர்வோடு முடிச்சுப் போட எங்கள் பக்கத்தில் எழுதுகிற எவருக்கும் கை அரிக்கும். எனக்கு அது சரிவரவில்லை. வெளியேறியவர்களுக்குத் தெரிவு செய்ய நேரம் தரப்படவில்லை. தெரிவு என்பது ஆறுதலாக இருந்து செய்கிற வேலை.

கடலுக்கு அந்தப் பக்கத்தில் கொஞ்சம் வேறு கதை. இந்திய அரசு 1984 இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் 250 பள்ளிகள். புனேயில் ஒரு நிறுவனம் இங்கிலாந்தின் இன்னொரு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரத்தைத் தன் பெயரில் பூட்டி விற்றது. ஆகவே தமிழ்நாட்டில் நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்காரர் சிலருக்கு இந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு தொட்டுப் பார்த்த நினைவாக இருக்கலாம். வன்னியில் எவருக்கும் இருக்க வழியில்லை. மின்சாரம் அறுந்து, எரிபொருளும் பற்றறியும் தடைப்பட்ட வருடங்கள் எங்களுடையவை.

ஒலிநாடா மட்டும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். மிதிக்கிறவன் களைத்தால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், பிறகு ஏறும். ஸ்பெக்ட்ரம் கணினியும் விளையாட்டை இதே ஒலிநாடாவிலிருந்துதான் கேட்டு ஏற்றிக்கொண்டது. 48 கிலோபைட்டை ஏற்ற ஐந்து நிமிடம்போல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். எங்கள் டைனமோ நாடாவில் அதை ஏற்றியிருந்தால் அரை நிமிடம் தாண்டியிராது. பாட்டு இழுபட்டாலும் பாட்டுத்தான். ஒரு பைட் இழுபட்டால் எல்லாமே போச்சு.

நினைவே இல்லாதவன் இந்த வேலைக்குத் தகுதியற்றவன் என்று சொல்லக்கூடும். எனக்கு எதிர்ப்பக்கம்தான் சரியாகப் படுகிறது. நினைவு வைத்திருக்கிறவன் ஏற்றும்போது வந்த கீச்சொலியையும் காப்பாற்றப் பார்ப்பான், அட்டைப் படத்தையும் காப்பாற்றப் பார்ப்பான், அம்மா சாப்பிடக் கூப்பிட்ட சத்தத்தையும் எங்காவது உள்ளே செருகப் பார்ப்பான். எங்களுக்கு அந்தப் பாரம் இல்லை. கொக்கிளாய்ப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அரை மணித்தியாலம் விடாமல் விளையாடுமா என்பது ஒன்றுதான் கேள்வி.

இனி அந்தப் பெட்டியின் வறுமை. ஃபமிகொமின் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். ஸ்பெக்ட்ரம் கணினியில் திரையில் தெரிகிற படம் மட்டுமே 6912 பைட் பிடிக்கும். ஆக, ஸ்பெக்ட்ரமின் ஒரு திரையின் படத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு ஈடாக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். திரை முழுவதும் 8க்கு 8 புள்ளிச் சிறு சதுரங்கள், குறுக்கே 32, நெடுக்கே 30. எந்த இடத்தில் எந்தச் சதுரம் என்று மட்டும் பெட்டி ஞாபகம் வைக்கும்; சதுரங்களின் படங்கள் கசெட்டுக்குள் இருக்கும். மொத்தம் 960 இடம், பின்னணிக்கு ஒரு வேளையில் 256 விதமான சதுரம். அதன் மேல் ஓடித் திரிகிற உருவங்கள் தனி: 64 துண்டுகள், ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் மிச்சம் மறைந்துபோகும். பழைய கசெட்டுகளில் எதிரிகள் மினுங்குவது இதனால்தான். கசெட் பழுது என்று சொல்லி அதற்காகவே என்னிடம் கொண்டு வந்தவர்களும் உண்டு.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பட்டியலைப் பார்த்தால் பெரியது சிறிதாகவும் சிறியது பெரிதாகவும் தெரியத் தொடங்கும். எலீட்டை எடுப்போம். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபன், இயன் பெல், 32 கிலோபைட் பிபிசி மைக்ரோவுக்காக எழுதியது. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், சந்தை விலை. இவ்வளவும் எப்படி ஒரு ஏழைப் பெட்டிக்குள் நுழையும் என்றுதான் எவரும் முதலில் கேட்பார்கள். ஆனால் அந்த 2048 தொகுதிகளும் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஆறு பைட் எண் ஒன்றை விதையாகப் போட்டு, அதைக் குறிப்பிட்ட முறையில் கூட்டிக் கலக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கிரகமும் ஒவ்வொரு தடவையும் அதேபடி முளைக்கும். பிரபஞ்சம் ஆறு பைட். அதைக் கொண்டு போக மருமகன் ஒரு பின்னேரம் செலவழித்தால் போதும். பிபிசி மைக்ரோவின் மூளையும் ஃபமிகொமின் மூளையும் 6502 என்ற ஒரே வம்சம் வேறு.

கஷ்டம், ஒருவரும் கவனிக்காத வெள்ளைக் கோடுகளில் இருக்கிறது. விண்கலங்கள் கோடுகளால் வரையப்பட்ட கூடுகள். அவை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு கணமும் புதிதாகக் கோடு போட வேண்டும். புள்ளி புள்ளியாக வரையக்கூடிய திரை இருந்தால் அது சும்மா வேலை. சதுரங்களை அடுக்க மட்டும் தெரிந்த பெட்டியில், கோடு போகிற வழியிலுள்ள ஒவ்வொரு சதுரத்தையும் அந்த நேரத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். வெறும் வானத்துக்கு ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டும். பிரேபனும் பெல்லும் தாங்களே இதைச் செய்து காட்டினார்கள். 1991 இல் ஐரோப்பாவில் அந்தக் கசெட் வெளிவந்தது. கசெட்டுக்குள்ளேயே மேலதிக நினைவகம் வைத்துத்தான் முடிந்தது. எழுதியவர்களே மாற்றியது என்பதால் அது நன்றாக அமைந்தது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தங்கள் விளையாட்டில் எது விலைபோகாதது என்று ஏழு வருடம் கழித்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

“அப்ப எலீட் வேண்டாமா?” என்றான். செய்து முடித்ததைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றேன். அதைவிட, கொக்கிளாயில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து கிரகம் கிரகமாக விலை விசாரித்துச் சாமான் வாங்கி விற்கப்போகிறது? இறால் விலை விசாரிக்கிறதே பெரும்பாடு.

த ஹொபிட் சொற்களால் ஆன விளையாட்டு. வாசித்து, சொல்லால் கட்டளை போட்டு முன்னேற வேண்டும். பெட்டியில் விசைப்பலகை இல்லை என்பதை ஒரு மாதிரிச் சமாளித்துவிடலாம். ஆனால் அவன் அதைத் தமிழில் செய்ய ஆசைப்பட்டான். நாங்கள் இரண்டு பேரும் கட்டமிட்ட தாளில் ஒரு முழு இரவு எழுத்து வரைந்து பார்த்தோம். ஆங்கில எழுத்து எட்டுப் புள்ளிச் சதுரத்துக்குள் தாராளமாக உட்கார்ந்து பக்கத்தில் இடைவெளியும் விடும். தமிழில் ட, ப, ம உட்காரும். க கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் வரும். ஞ வராது. ண வளையங்களை ஒவ்வொரு புள்ளி இடைவெளியில் போட்டாலும் ன என்றுதான் கண் வாசிக்கும். ணை, ழு, றூ பற்றிப் பேசவே வேண்டாம். நாலு சதுரம் சேர்த்து 16க்கு 16 என்று ஓர் எழுத்துச் செய்தால் அழகாக வருகிறது. ஆனால் ஒரு வரியில் 16 எழுத்துத்தான். உயிர்மெய் எல்லாவற்றையும் தனித்தனியே செய்யப்போனால் 256 சதுரம் ஐம்பது அறுபது எழுத்தோடு தீர்ந்துவிடும். துணையெழுத்து, கொம்பு, புள்ளி என்று பிரித்து அடுக்கினால் ஓரளவு தேறும். அந்த முறை பிறகு எதற்காவது உதவும் என்று தாளை மடித்து வைத்துக்கொண்டான். ஹொபிட் பட்டியலிலிருந்து போனது. பேச்சு இல்லாத, இலக்கம் மட்டும் வேண்டியிருக்கிற விளையாட்டே எங்களுக்குத் தோது.

நைட் லோர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்வுக் கோணத்தில் பார்த்த அறைகள், ஒன்றன் முன்னால் ஒன்று மறைத்து நிற்கிற பொருட்கள். மறைப்பதும் வெட்டுவதும் சதுரப் பெட்டிக்கு நரகம். அதோடு, அறையில் பொருட்கள் கூடினால் ஸ்பெக்ட்ரம் களைத்து விளையாட்டு மந்தமாகும். அந்த மந்தத்துக்குப் பழகியவர்கள் அதை நம்பியே குதித்தார்கள். அதைக் காப்பாற்றுவதா திருத்துவதா என்று தீர்மானிக்க நினைவு உள்ள ஒருவர் வேண்டும். நினைவில்லாதவனின் வாய்ப்பாடு இங்கே தோற்றுப்போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போல்டர் டாஷை இதைவிடப் பரம ஏழையான அட்டாரி 2600 இல் ஓட வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் நினைவகம் 128 பைட். விளையாட்டின் குகை ஒன்றே 40க்கு 22, அதாவது 880 கட்டம். கசெட்டில் நினைவகம் கூட்டி, ஒரே மூச்சில் எல்லாக் கல்லையும் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து நகர்த்தி, பல வருடம் உழைத்துச் செய்தார்கள். ப்ரின்ஸ் ஒஃப் பெர்சியா 1989 இல் ஆப்பிள் கணினிக்கு எழுதப்பட்டது. கொமடோர் 64 இல் ஒருவர் 2011 இல் அதை ஓட வைத்தார். இவை இரண்டும் முடியாது என்று சொல்லப்பட்டதால் செய்யப்பட்டவை. மல்யுத்தம் பார்க்கிற மாதிரிப் பார்த்து மகிழலாம். விடுமுறையில் வந்த பையன் இறங்குகிற கோதா அல்ல.

லோட் ரன்னரின் பேரைப் படத்தோடு பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் மஞ்சள் கசெட்டில் இருந்த விளையாட்டு. பெயர் தெரியாமல் ‘கிடங்கு கிண்டுற கேம்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏணியில் ஏறி, பொன் பொறுக்கி, துரத்துகிறவன் விழச் செங்கல்லில் கிடங்கு வெட்டுவது. டக்ளஸ் ஸ்மித் என்ற இளைஞர் ஆப்பிள் கணினிக்காக எழுதி 1983 இல் வெளியானது. அடுத்த வருடமே ஹட்சன் நிறுவனம் அதை ஃபமிகொமுக்கு மாற்றிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆக, மருமகன் செய்யப் புறப்பட்ட வேலையை ஜப்பானில் ஒருவர் 1984 இலேயே செய்து, அது கள்ளப் பிரதியாகி, கள்ளப் பெட்டியோடு ஏ-9 பாதையால் வந்து எங்கள் வீட்டில் கிடந்திருக்கிறது.

ஹட்சன்காரர் செய்ததைக் கூர்ந்து பார்த்தேன். மூலத்தில் ஒரு மட்டம் 28 கட்டம் அகலம், 16 உயரம். ஒரு கட்டத்துக்கு ஒரு சதுரம் என்று வைத்திருந்தால் 32 சதுரத் திரைக்குள் அப்படியே அடங்கியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மனிதனையும் செங்கல்லையும் பெரிதாக்கி, திரை பக்கவாட்டில் நகர்கிற மாதிரி விட்டார்கள். 150 மட்டம் 50 ஆகக் குறைந்தது. இதனால் ஒன்று போய்விட்டது: மூலத்தில் முழு மட்டமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், துரத்துகிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே திட்டம் போடலாம். ஃபமிகொமில் திரைக்கு வெளியே இருக்கிறவன் எங்கே என்று ஊகிக்க வேண்டும். புதிர் கொஞ்சம் குறைந்து பயம் கொஞ்சம் கூடியது. எங்கள் பிள்ளைகள் விளையாடியது அந்தப் பயத்தைத்தான். மூலத்தைப் பின்னர் மடிக்கணினியில் பார்த்தபோது எனக்கு அது சப்பென்றிருந்தது. மாற்றியதுதான் எனக்கு மூலம். மாற்றுகிறவனுடைய ஒவ்வொரு முடிவும் எங்கோ ஒரு பிள்ளைக்கு முதல் பதிப்பாகிவிடுகிறது. மட்டங்களை நாங்களே கட்டுகிற வசதியும் அதில் இருந்தது. கரண்ட் போனால் கட்டியதெல்லாம் போய்விடும் என்பதால் ஒருவரும் அதிகம் கட்டவில்லை.

இடையில் அவனுக்கு இன்னொரு எண்ணம் வந்தது. வெளிநாட்டு விளையாட்டு எதற்கு, ஆடுபுலி ஆட்டத்தையே செய்யலாமே என்றான். கேட்க நன்றாக இருந்தது. 23 புள்ளி, ஒவ்வொன்றும் வெறுமை, ஆடு, புலி என்ற மூன்றில் ஒன்று, ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் என்றால் 46 பிட். எலீட்டின் பிரபஞ்ச விதை 48 பிட். அந்தப் பலகை முழுவதும் அதற்குள் அடங்கும். இறக்காமல் கையில் இருக்கிற ஆடுகளின் எண்ணிக்கைக்கு இன்னொரு பைட். ஆனால் ஆடுபுலி ஆட்டத்துக்கு வேண்டியது எதிரே இன்னொரு ஆள். இரண்டு கைப்பிடி இருக்கிறது, இரண்டு பேர் விளையாடலாம்தான். அப்படியானால் கரித்துண்டால் நிலத்தில் கீறி விளையாடுவதைவிட இந்தப் பெட்டி எதைக் கூடக் கொடுத்தது? பெட்டியே எதிராளியாக வேண்டும் என்றால் பதினைந்து ஆட்டையும் ஒற்றுமையாக நகர்த்தத் தெரிந்த ஒரு மூளை எழுத வேண்டும். அது மாற்றுகிற வேலையல்ல, வேறு வேலை. ஊர்ப்பற்றுக்காக மட்டும் ஒன்றைத் தெரிவு செய்தால் ஒரு கிழமையில் கை சலித்துவிடும் என்று சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

மிஞ்சியது மனிக் மைனர். மத்தியூ ஸ்மித் பதினேழு வயதில் எழுதி 1983 இல் வெளியானது. இருபது குகை அறைகள். ஒவ்வொன்றும் 32 கட்டம் அகலம், 16 உயரம். அகலம் அச்சொட்டாக எங்கள் பெட்டியினுடையது. திரை நகராது. ஓர் அறையின் தகவல் முழுவதும் ஒரு கிலோபைட், இருபதும் சேர்த்து 20. சாதாரணக் கசெட்டில் அடங்கும். மிதித்தால் நொறுங்குகிற தரை, தன்பாட்டில் இழுத்துச் செல்கிற பட்டி, வருவதும் போவதுமாக இருக்கிற காவலர்கள். எழுத்து ஏறக்குறைய இல்லை. ஸ்பெக்ட்ரமின் மூளை வேறு வம்சம் என்பதால் பழைய கட்டளைகளில் ஒரு வரிகூட உதவாது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அதுவும் நல்லதுதான்; விதியைத் தவிர வேறெதையும் நகல் எடுக்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் எதிர்பாராதது. நிறத்தில் ஸ்பெக்ட்ரம் பரதேசி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் ஒவ்வொரு 8க்கு 8 கட்டத்துக்கும் தனி நிறம் கொடுக்கலாம். ஃபமிகொமில் நாலு கட்டம் சேர்ந்த 16க்கு 16 சதுக்கத்துக்கு ஒரு நிறத்தட்டுத்தான். பச்சைச் செடிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நீலச் சுவரும் மஞ்சள் பட்டியும் சிவப்புத் தரையும் நின்றால் நாலில் ஒன்று வேறு நிறத்துக்கு மாற வேண்டும். மருமகன் அறை அறையாக உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணினான். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: தொட்டால் சாகிறது எது, தொடலாம் எது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும், மிச்ச நிறம் எப்படிப் போனாலும் போகட்டும்.

இரண்டாவது அறையில் பென்குயின்கள் நடமாடும். அவற்றைக் கொக்காகவும் நாரையாகவும் மாற்றப் போகிறேன் என்றான். 1951 இலேயே பறவைச் சரணாலயமாக்கிய களப்பு பக்கத்தில் இருக்கும்போது பென்குயின் எதற்கு என்று கேட்டான். செய் என்றேன். உருவத்தை மாற்றுவதில் எனக்கு வழக்கில்லை. எங்கள் சண்டை வேறொன்றில்.

மூன்று அறை ஓடுகிற நிலைக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். இவர்கள் மரியோ விளையாடி வளர்ந்தவர்கள். மரியோவில் குதித்த பிறகும் ஆகாயத்தில் வைத்துத் திருப்பலாம், பின்னுக்கு இழுக்கலாம், பிழையாகக் குதித்தாலும் கடைசியில் ஒருமாதிரிச் சமாளித்து இறங்கலாம். மனிக் மைனரில் அது கிடையாது. குதித்தால் குதித்ததுதான். எழும்புகிற வளைவும் விழுகிற இடமும் கால் தரையை விடும்போதே தீர்மானமாகிவிடும். அந்தரத்தில் கைப்பிடியை எந்தப் பக்கம் அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் அமத்தினார்கள், செத்தார்கள், கைப்பிடி பழுது என்று என்னைப் பார்த்தார்கள். அதில் ஒரு சின்னவள் மட்டும் விளிம்பில் நின்று, காவலன் போய்த் திரும்பி வருகிறதை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் குதித்தாள்.

“மாமா, ஆகாயத்தில கொஞ்சம் திரும்ப விடுவம். ரெண்டு வரிதான்” என்கிறான் மருமகன். மற்றப் பிள்ளைகள் முதல் அறையோடு எழும்பிப் போனதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணித்தியாலக் கணக்கு நான் சொன்னதுதானே என்று என்னையே மடக்குகிறான். அந்த இரண்டு வரியைப் போட்டால் இருபது அறையும் அப்படியே இருக்கும், பறவைகளும் இருக்கும், விளையாட்டு மரியோவாகிவிடும்; பிறகு எதற்காக இதைத் தெரிவு செய்தோம் என்று நான் கேட்கிறேன். திரும்ப விடாத பதிப்பு ஒன்றும் விடுகிற பதிப்பு ஒன்றும் கசெட்டில் போடலாம் என்று இப்போது சமரசம் பேசுகிறான். ஒட்டுத்தாளில் ‘2 இன் 1’ என்று அடிக்கலாமாம்.